முதல் விலை

பாதத்தை எங்கள் தெருவில் அளக்கக் கொடுத்துவிட்டு, செருப்பை நெட்டில் வாங்கி, பணத்தைக் கண்காணாத இடத்துக்கு அனுப்புகிற ஆட்கள் பெருகிப்போயிருந்தார்கள். அந்த அடியை முதலில் வாங்கியவர் எங்கள் எதிர்க்கடை செருப்புக்காரர். தெருவில் அவருக்கு 'ஒரேவிலை' என்று பேர். அவர் அப்பா காலத்தில் கடை வாசலில் 'ஒரே விலை' என்று ஒரு பலகை மாட்டியிருந்தார்களாம். அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று அப்பாவும் மகனுமாக ஒரு ஜோடிக்கு ஒன்பது விலை சொல்லிப் பிழைத்தார்கள். பலகை மழையில் இற்று விழுந்தது. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அப்படிக் கூப்பிட்டால் கோபிக்க மாட்டார். "ஆமய்யா, ஒரே விலைதான். நான் சொல்றது ஒண்ணு, நீ கேக்குறது ஒண்ணு, ரெண்டையும் போட்டு ஆட்டினா ஒரு விலை வரும்" என்பார்.

எங்கள் தெருவில் முதலில் சொல்கிற விலை விலையே அல்ல. பேச்சைத் தொடங்க அது ஒரு வழி. கடைக்காரர் வானத்தில் ஒன்றை வைப்பார். வந்தவர் பாதாளத்தில் ஒன்றை வைப்பார். நடுவில் இரண்டு பேருக்கும் தெரிந்த ஓர் இடம் இருக்கும். அங்கே போய்ச் சேர ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். வந்தவர் முறைத்துக்கொண்டு எழுந்து போவதும் அதில் சேர்த்தி. விறுவிறுவென்று போனால் நிஜமாகவே போகிறார். கதவருகே நின்று குடையைத் திறந்து மூடிப் பார்த்தால் கூப்பிடச் சொல்கிறார். எழுத்துப் படிக்கும் முன்பே இதையெல்லாம் எங்கள் துணிக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்து முடித்திருந்தேன்.

ஒரு நாள் விடாத தூறல். செருப்புக்கடையில் கண்ணாடி போட்ட ஒருவர் ஈரக் காலுறையைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரேவிலை மண்டியிட்டு, அவர் பாதத்தை அளவுப் பலகையில் வைத்து, குதிகாலைத் தள்ளி, கட்டைவிரலை நிமிர்த்தி அளந்தார். நாலைந்து பெட்டிகள் திறந்து கிடந்தன. தரையெல்லாம் மெல்லிய காகிதம். கடைசி ஜோடி கச்சிதமாகப் பொருந்தியது. வந்தவர் கண்ணாடி முன் நடந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஷூவின் நாக்கை மடித்து, உள்ளே இருந்த எண்ணை போனில் படம் பிடித்தார்.

"படம் எதுக்குங்க?" என்றார் ஒரேவிலை.

"வீட்ல காட்டணும்."

"உங்க காலும் வீட்டுக்குத்தானேங்க போவுது? போட்டுட்டுப் போயே காட்டலாமே."

வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மறைச்சு என்னங்க. இதே ஜோடி நெட்ல வரி இல்லாம வருது. உங்க பில்லுல வரி ஏறுதுல்ல."

"அந்த வரியை நானா திங்கிறேன்? உங்ககிட்ட வாங்கி அப்படியே அரசாங்கத்துக்குக் கட்டுறேன்."

"யாரு தின்னா என்ன, போறது என் பையிலேர்ந்துதானே."

"விலையில குறைச்சுத் தர்றேன், சொல்லுங்க."

"எவ்வளவு குறைப்பீங்க?"

ஒரேவிலை சொன்னார். அவர் போனைப் பார்த்தார். "இன்னும் அந்த வரி அளவுக்கு மேலதான் நிக்குது."

"அதுக்குக் கீழ இறங்கினா எனக்குக் கையைக் கடிக்கும்."

"அதாங்க நானும் சொல்றேன்." அவர் காலுறையைப் பிழிந்து மாட்டினார். "மழை விடுற வரைக்கும் இப்படி உக்காந்துக்கலாமா?"

உட்காரச் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்தார் ஒரேவிலை. மழை விட்டதும் அந்த மனிதர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று போனார்.

கடைக்கு மேலேயே வீடு. வீட்டுக்கு மேலே மொட்டைமாடியை ஒட்டி ஒரே ஓர் அறை. அங்கே அவர் தங்கை இருந்தாள். நாற்பது தாண்டியும் அண்ணனுக்கு அவள் 'பாப்பா'தான். புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். வந்த புதிதில் கடையைக் கூட்டினாள், பெட்டி அடுக்கினாள். அப்படி அடுக்கும்போதுதான் தங்கின சரக்கு அவள் கண்ணில் பட்டது. எந்தச் செருப்புக்கடையிலும் இது உண்டு. ரொம்பச் சின்னது, ரொம்பப் பெரியது, அகலப் பாதத்துக்கென்று வந்தது. ஊருக்கு நாலு பேருக்குத்தான் பொருந்தும். அந்த நாலு பேரும் இந்தத் தெருவுக்கு வர மாட்டார்கள்.

"நாலு பேர் எல்லா ஊர்லயும் இருப்பாங்கல்லண்ணே?" என்று கேட்டுவிட்டு, அவற்றை அடக்கவிலைக்கு வாங்கி மாடிக்குக் கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து நெட்டில் போட்டாள். போனது.

பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டாள். மற்ற கடைகளில் தங்கினதையும் வாங்கினாள். வாங்குகிறவர்களிடம் செருப்பு நம்பர் கேட்க மாட்டாள். வெள்ளைத்தாளில் பாதத்தை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்வாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கால் வீங்கியே நின்றுவிட்ட ஒரு டீச்சர், வீட்டு வாசலில் தலைகுனிந்து நுழைகிற உயரத்தில் ஒரு பெண், கட்டைவிரல் பக்கவாட்டில் சாய்ந்துபோன ஒரு டிரைவர். எல்லாரும் வேறு வேறு மாகாணம். ஒருத்தர் முகமும் அவளுக்குத் தெரியாது. அத்தனை பேர் பாதமும் தெரியும். ஷூவின் நுனிக்குள் எவ்வளவு காகிதம் திணித்தால் அந்த டீச்சருக்கு உறுத்தாது என்பது வரைக்கும் தெரியும்.

கீழ்வீட்டில் அண்ணி வாய்க்காரி, ஆனால் கெட்டவள் இல்லை. "நல்ல குடும்பம்டி இது," என்பாள் நாத்தனாரிடம். "கீழக் கடைக்கு வர்றவன் வாங்க மாட்டேங்குறான். மேலக் கடையில வாங்குறவன் வர மாட்டேங்குறான். நடுவுல உக்காந்து நான் உருளைக்கிழங்கு உரிக்கிறேன்."

"என் பங்கை நான் உரிச்சுத் தர்றேன் அண்ணி."

"நீ உரிச்சா பாதிக் கிழங்கு தோலோட போயிடும். போய்ப் பெட்டி கட்டு."

ஒரு கூரைக்குக் கீழே ரொம்ப நாள் இருந்தால் இப்படியான பேச்சில் எப்போது சிரிப்பு தீர்ந்து முள் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. தங்கை அதைத் தெரிந்துவைத்திருந்தாள். தெருமுனை பேக்கரிக்கு மேலே இரண்டு அறை காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டு, பேக்கரிக்கார அம்மாளிடம் போய்ப் பேசி வைத்துவிட்டாள். குளிர்காலம் கழிந்ததும் குடிபோவதாக ஏற்பாடு. எங்கள் கடைக்கு ஜன்னல் துணி வாங்க வந்தபோது முகம் அப்படி மலர்ந்திருந்தது. நான் விலை சொன்னேன். பாதிக்குக் கேட்டாள். "அக்கா, உங்க அண்ணன்கூட இவ்வளவு அடிச்சுக் கேக்க மாட்டாரு" என்றேன். "அவரு விக்கிறவரு. நான் வாங்கியும் விக்கிறவ" என்றாள். துணியை வெட்ட வேண்டாம், எடுத்து மட்டும் வை, ஜன்னலை அளந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனாள். பொறந்த வீட்டை விட்டு யார்மேலும் வருத்தமில்லாமல், தன் காசில், தலை நிமிர்ந்து போக வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் நெட்டில் வாங்கினாலும் விற்பனை வரி உண்டு என்று சட்டம் கொண்டுவரப்போவதாகச் செய்தி வந்தது. தெருவே நிமிர்ந்து உட்கார்ந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர், சூட்கேஸ் கடைக்காரர், எல்லாரையும் தன் கடைக்கு வரவழைத்தார். சூட்கேஸ்கள் மேலேயே உட்கார்ந்தோம்.

"வரைவு வந்துருச்சு," என்றார் தலைவர். "வெளியூருக்கு விக்கிறவன் யாரா இருந்தாலும், வாங்குறவன் மாகாணத்து வரியை வசூல் பண்ணிக் கட்டணும். நல்ல விஷயம். ஆனா ஒரு ஓட்டை வச்சிருக்கான். சின்ன வியாபாரிக்கு விலக்காம். இவ்வளவுக்குக் கீழ வித்தா வரி வேணாமாம். அந்த 'இவ்வளவு' எவ்வளவு தெரியுமா? நம்ம தெரு மொத்தமும் அதுக்குள்ள அடங்கிடும்."

"அப்ப பெரிய கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான்?" என்றார் ஒரேவிலை. "ஆயிரம் சின்ன ஆளுங்க பேர்ல விப்பான்."

"அதேதான். அந்த எல்லையைப் பாதியாக் குறைக்கணும். எப்படிக் கேக்குறது?"

ஒரேவிலை சிரித்தார். "பாதி வேணும்னு போய்ப் பாதியைக் கேட்டா கால்வாசிகூட வராது. விலக்கே கூடாதுன்னு கேப்போம். ஒரு ஜோடி வித்தாலும் வரி. அவங்க 'ஐயோ அது எப்படி'ம்பாங்க. நாம முறுக்குவோம். அவங்க இறங்குவாங்க. பாதியில வந்து நிக்கும்."

இதில் தப்பு சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. நானும்தான் தலையாட்டினேன். வேறு எப்படிக் கேட்பது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பேசப் போவது யார் என்பதிலும் சந்தேகம் இல்லை. தெருவிலேயே கெட்டிக்காரர் ஒரேவிலைதான்.

சட்டக் குழுவின் கருத்துக் கேட்புக்குப் போக இருந்த காலையில் நான் அவரைக் கூட்டிப்போக மேலே போனேன். அண்ணி முட்டை அவித்து வைத்திருந்தாள். அவர் நின்றபடியே ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். தங்கை ஒரு பெட்டிக்கு ஒட்டுநாடா சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, வரி போடாம விக்கிறவன் எல்லாம் திருடன்னு நீ சொல்வேல்ல. அப்ப நானும் திருடியா?"

"நீ வேற பாப்பா. உன் கணக்கு வேற."

"என் கணக்கு வேறன்னு நீ அங்க சொல்லலைன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்லேர்ந்து விக்கிறவங்களை விட்டுருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"அதைச் சொன்னா அங்கேயே பேரம் படுத்துரும். உனக்குத் தெரியாததா? முதல்லயே இறங்கி நிக்கிறவனை எவன் மதிப்பான்? நான் ஒண்ணையுமே விட மாட்டேன்னு நிப்பேன். அவங்களா வந்து 'பாவம், சின்ன ஆளுங்களை விட்டுருவோம்'பாங்க. நான் வேண்டா வெறுப்பா சரிம்பேன். அந்தப் பாதியில வந்து நின்னாலும் நீ அதுக்கு எவ்வளவோ கீழ. உன் தலைமுடி நனையாது."

அவள் ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவளும் அந்த வீட்டில் பிறந்தவள். கணக்கு அவளுக்கும் சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும். "சரிண்ணே. ரொம்ப முறுக்கிடாதே" என்றாள்.

"எனக்கே சொல்லித் தர்றா பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"மழைக்கோட்டை எடுத்துட்டுப் போங்க," என்றாள் அண்ணி. "அவங்ககிட்டயும் சட்டத்தைப் பாதி விலைக்குக் கேட்டு வாங்கிட்டு வந்துராதீங்க."

கூட்டம் நடந்த மண்டபம் குளிர்ந்து கிடந்தது. மேடையில் நீள மேசை. நடுவில் தலைமை வகித்த அம்மாள், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். முன்னால் ஒரு மைக். பெரிய கம்பெனியிலிருந்து வந்த ஒரு வக்கீல் எங்களுக்கு முன்னால் பேசினார். எந்த மாகாணத்து வரியானாலும் தங்கள் கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொள்ளும், தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று ரொம்பப் பதவிசாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எதிராளி ஆட்சேபம் இல்லை என்கிறபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். நாங்களோ, பயந்துவிட்டான் என்று ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டோம்.

ஒரேவிலை நன்றாகப் பேசினார். மண்டியிட்டு அளப்பதையும், படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களையும், டீயையும் சொன்னார். மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு விலக்கு பற்றிச் சொன்னார்.

தலைமை அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டிலிருந்து விற்பவர்களுக்கும் விலக்கு வேண்டாம் என்கிறீர்களா?"

"வேண்டாங்க. ஒரு ஜோடி வித்தாலும் வரி வரிதான்."

"அவர்களுக்குச் சிரமமாக இருக்காதா?"

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. இதோ, இறங்குகிறார்கள். ஒரேவிலைக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். முதுகை நிமிர்த்திக்கொண்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு மட்டும் சிரமம் இல்லீங்களா? வியாபாரம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"உறுதியாகச் சொல்கிறீர்களா? இதுதான் உங்கள் சங்கத்தின் நிலையா?"

கடைசி விலையா என்று கேட்கிறவன் வாங்கத் தயாராகிவிட்டான் என்று அர்த்தம். அப்போதுதான் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

"இதுதாங்க கடைசி."

"மிகவும் தெளிவாகச் சொன்னீர்கள். நன்றி." அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். பக்கத்திலிருந்தவரும் எழுதிக்கொண்டார். "அடுத்தவர்?"

ஒரேவிலை மைக்கின் முன்னாலேயே நின்றார். எதிர்விலை வர வேண்டுமே. "உங்கள் நேரம் முடிந்தது, ஐயா" என்றார் ஒரு சிப்பந்தி, மரியாதையாகவே. அவர் கதவை நோக்கி நடந்தார். அப்படி மெதுவாக நடந்து நான் அவரைப் பார்த்ததில்லை. கதவருகே நின்று மழைக்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு கழற்றித் திரும்பப் போட்டார். மேடையில் அடுத்த ஆள் லாரி வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். கூப்பிடத் தெரிந்த ஒருத்தரும் அந்த மண்டபத்தில் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவரே பேசிக்கொண்டார். "உள்ள வச்சுப் பேசுவாங்க. ஜனங்க முன்னாடி இறங்குறது அவங்களுக்குக் கவுரவக் குறைச்சல் இல்லையா. உள்ள வச்சுக் குறைப்பாங்க."

"ஆமாண்ணே" என்றேன்.

குறைக்கவில்லை. சட்டம் வந்தபோது விலக்கு என்ற பகுதியே அதில் இல்லை. சிறு வியாபாரிகளே விலக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை ஏற்று, என்று முன்னுரையில் எழுதியிருந்தார்கள். சூட்கேஸ் கடையில் கேக் வெட்டினோம். கேட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது என்று தலைவர் சொன்னார். கைதட்டினோம். ஆனால் ஒருத்தர் முகத்திலும் களை இல்லை. சொன்ன விலையை எதிராளி மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தால் வியாபாரிக்கு உள்ளே என்னவோ செய்யும். எங்கேயோ ஏமாந்துவிட்டோம், எங்கே என்றுதான் தெரியவில்லை என்று தோன்றும். ஒரேவிலை கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

தெருவுக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர்தான் வீட்டுக்கு வந்து விளக்கினார். அண்ணி எல்லாருக்கும் சூப் ஊற்றினாள். தங்கை ஊற்றினதைத் தொடவில்லை.

"வரி கட்டுறது பெரிசில்லைம்மா. விலை மேல போட்டு வாங்கிக் கட்டிரலாம். நீங்க எத்தனை மாகாணத்துக்கு அனுப்புறீங்க?"

"கேக்குறவங்க எங்க இருக்காங்களோ அங்கெல்லாம்."

"அங்கெல்லாம் தனித்தனியாப் பதிவு பண்ணணும். ஒவ்வொரு இடத்துக்கும் மாசாமாசம் கணக்குத் தாக்கல் பண்ணணும். அந்த மாசம் அங்க ஒண்ணும் விக்கலைன்னாலும், விக்கலைன்னு தாக்கல் பண்ணணும். தவறினா அபராதம்."

"அந்த டீச்சர் வருஷத்துக்கு ஒரு ஜோடி வாங்குவாங்க. அதுக்கு வருஷம் முழுக்கவா?"

"ஆமாம்மா."

"நீங்க பண்ணித் தந்தா எவ்வளவு ஆகும்?"

ஆடிட்டர் சொன்னார். பிறகு, தெரிந்த வீடாயிற்றே என்று தானாகவே குறைத்தும் சொன்னார். குறைத்ததே அவள் சம்பாத்தியத்தை விட அதிகம்.

"பெரிய கம்பெனிக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

"அவங்களுக்கு மிஷினு பண்ணிரும். ஒரு பட்டன்."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். வழக்கமாக இந்த இடத்தில் புருஷனை ஒரு வார்த்தை குத்துவாள். அன்றைக்குக் குத்தவில்லை. "சூப்பைக் குடிடி, ஆறுது" என்று மட்டும் சொன்னாள். நாத்தனார் அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று அவள் எத்தனை நாள் நினைத்தாளோ, அது இப்படி நின்றுபோக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஒரேவிலை மறுநாளே கடையைச் சாத்திவிட்டு அந்தக் குழுவின் அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க டீக்கதை சொன்னவர்ல? நல்லாப் பேசினீங்க. கேட்டதும் கிடைச்சிருச்சே."

"அதாங்க விஷயம். கேட்டேன். கேட்டதை எல்லாம் குடுத்துருவாங்களா?"

அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "குடுத்ததுக்கா குறை சொல்றீங்க?"

"எங்க தொழில்ல முதல்ல சொல்றது வேறங்க, வேணுங்கிறது வேறங்க. அந்தம்மா குறைப்பாங்கன்னு நான் ஏத்திச் சொன்னேன். அவங்க குறைக்கவே இல்லை."

"இங்க சொன்னதைத்தாங்க எழுதுவாங்க. மனசுல வச்சிருந்ததை எப்படி எழுதுறது?" அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "மறுபரிசீலனை எப்பவாச்சும் வரும். அப்ப மனுக் கொடுங்க. யார் சார்பா?"

"என் தங்கச்சி சார்பா."

"சங்கத்தோட கடிதம் இருந்தா நல்லது."

"சங்கத்துக்காகப் பேசினவனே நான்தாங்க."

"அப்ப ரெண்டு மாதிரியும் நீங்களே பேசினதா ஆயிடுமே," என்றார் அதிகாரி. அடுத்த ஆளைப் பார்த்தார்.

இவ்வளவுக்கும் பிறகு கீழ்க்கடையிலாவது கூட்டம் வந்ததா என்றால், கண்ணாடி போட்ட அந்த மனிதர் வந்தார். இந்தத் தடவை சம்சாரத்துக்கு. அளந்தார்கள், படம் பிடித்தார்கள். "இப்பதான் அங்கேயும் வரி உண்டேங்க" என்றார் ஒரேவிலை. "போட்டா போட்டுட்டுப் போறான். வீட்டு வாசல்ல கொண்டாந்து குடுக்குறான்ல" என்றார் அவர். ஒரேவிலைக்கு அன்று டீ சொல்லக்கூட மறந்துவிட்டது.

குளிர் குறைந்துகொண்டிருந்தது. பேக்கரிக்கு மேலே வேறு யாரோ சாமான் இறக்கினார்கள். எடுத்து வைத்த ஜன்னல் துணியைப் பற்றித் தங்கை என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்காமல் அதை மடித்து மற்ற துணிகளோடு சேர்த்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் எதிரே ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தங்கை மாடியிலிருந்து செருப்புப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒத்தாசைக்குப் போனேன். கைக்கு எட்டுகிற மட்டும் அடுக்கித் தாடையால் அழுத்திக்கொண்டு, கீழ்ப்படியைக் காலால் துழாவி இறங்கி வந்தாள். ஒரேவிலை முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு பாப்பா இதெல்லாம் இப்ப? மேலயே இருக்கட்டும். சட்டம் மாறும்."

"மாறட்டும்ணே. அதுவரைக்கும் படுக்க இடம் வேணும்ல."

"எல்லாத்தையும் நான் வாங்கிக்கிறேன். அடக்கவிலைக்கு மேல போட்டுத் தர்றேன்."

"யாருக்கு விக்கப்போறே?"

அவர் அளவுப் பலகையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்த உயரமான பொண்ணு போன் பண்ணிச்சு," என்றாள். "வரியை நான் கட்டுறேன்க்கா, அனுப்புங்கங்குது. வரி இல்லைம்மா பிரச்சினை, உனக்கு ஒருத்திக்காக உங்க மாகாணத்துல நான் கடை வச்ச மாதிரி ஆயிடும்னு சொன்னேன். புரியலை அதுக்கு. எனக்கே புரியலை, அதுக்கு எங்க புரியும்."

கடைசி அடுக்கையும் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள். "நாளையிலேர்ந்து நான் வேலைக்குப் போறேன்ணே. ஆத்துக்கு அந்தப்பக்கம் அந்தப் பெரிய கம்பெனி கிடங்கு தொறந்திருக்காங்கல்ல, அங்க. பெட்டி கட்டுற வேலை. பஸ் வந்து கூட்டிட்டுப் போகும்."

"அவங்ககிட்டயா?"

"பெட்டி கட்டத் தெரியுமான்னு கேட்டாங்க. ஒண்ணு கட்டிக் காட்டினேன். போதும்னுட்டாங்க."

அந்த வீட்டில் பிறந்தவர் கேட்கக்கூடியதையே அவர் கேட்டார். "சம்பளம்?"

சொன்னாள்.

"நீ எவ்வளவு கேட்டே?"

"கேக்கலை. அவங்க சொன்னாங்க. சரின்னேன்."

"முதல்ல சொன்னதுக்கேவா?"

"அதுக்கேதான்."

"கூடக் கொஞ்சம் கேட்டிருக்கலாமே பாப்பா." முக்காலியிலிருந்து எழுந்தார். "உன் கைக்கு அதைவிடப் பெறுமே. ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாமே."

"கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். "கேட்டா, நன்றின்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்களோன்னு பயந்துட்டேன்ணே."

குனிந்து ஒரு பெட்டியை எடுத்தாள். மூடி மேலே கைக்குட்டையால் துடைத்தாள். "இதெல்லாம் எந்த அலமாரியில வைக்கட்டும்?"

"கீழ வையி," என்றார் ஒரேவிலை, அவளைப் பார்க்காமல். "அடியில. யாரும் கேக்க மாட்டாங்க."